மோர்ச் சொம்பில் ஒரு பச்சைக் கோடு

கேள்வி: ஐயா, வணக்கம். போன மாதம் பரணைச் சுத்தம் செய்தபோது காலமான என் மாமியாரின் பாத்திரங்கள் கிடைத்தன. ஒரு பித்தளைத் தவலை, இரண்டு பித்தளைச் சொம்பு, ஒரு செப்புக் குடம், ஒரு வெண்கலப் பானை, ஓர் ஈயச் சொம்பு. புளி போட்டுத் தேய்த்ததும் பளபளவென்று வந்துவிட்டன. ஆசைப்பட்டு ஒரு பித்தளைச் சொம்பில் இரவு மோரை ஊற்றித் தட்டால் மூடி வைத்தேன். காலையில் பார்த்தால் மோர் மட்டத்தில் உள்பக்கம் சுற்றிலும் பச்சைக் கோடு. பயந்துபோய் மோரைக் கொட்டிவிட்டேன். "பித்தளையிலே புளிப்பு வைக்காதே" என்று மாமியார் சொல்வது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள் ஒப்புக்கொள்ளவில்லை. "தாமிரம் நீர்த்த அமிலத்தோடு வினைபுரியாது, புத்தகத்திலேயே இருக்கிறது. ஈயம்தான் உலோகங்களின் வினைபடுதிறன் பட்டியலில் ஹைட்ரஜனுக்கு மேலே இருக்கிறது, ஈயம் பூசினால்தான் ஆபத்து" என்கிறாள். யார் சொல்வது சரி? ஈயச் சொம்பில் ரசம் வைக்கலாமா? எல்லாவற்றையும் எடைக்குப் போட்டுவிட்டு எவர்சில்வர் வாங்கச் சொல்கிறார் கணவர். வழி சொல்லுங்கள்.
ஒரு வாசகி, கும்பகோணம்

அன்புள்ள சகோதரிக்கு,

மோரைக் கொட்டியது சரி. அதில் சந்தேகமே வேண்டாம். எதையும் எடைக்குப் போட வேண்டாம் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்தை முழுக்கப் படிக்கும்வரை கணவரைப் பொறுத்திருக்கச் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது ஒரு சொல்: "மோர் மட்டத்தில்". பச்சை அடியில் இல்லை. மோர் முழுக்க மூடியிருந்த பக்கச் சுவரிலும் இல்லை. மோரும் காற்றும் உரசும் அந்த விளிம்பில் மட்டும் வளையம் போட்டது போல இருந்தது. மாமியார், மகள் இருவரில் யார் சரி என்பதற்கு விடை அந்தக் கோட்டிலேயே இருக்கிறது.

முதலில் மகளின் பக்கம். துத்தநாகத் துண்டை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டால் குமிழ் குமிழாக வாயு கிளம்பும். எரியும் குச்சியைக் காட்டினால் 'பப்' என்ற சத்தத்தோடு எரியும். 1766-இல் ஹென்றி கேவண்டிஷ் துத்தநாகம், இரும்பு, வெள்ளீயம் மூன்றையும் நீர்த்த அமிலங்களில் கரைத்து இந்த வாயுவைச் சேகரித்து ஆராய்ந்தார். அது உலோகத்திலிருந்து வருகிறது என்று அவர் நினைத்தார். வருவது அமிலத்திலிருந்துதான். அமிலக் கரைசலில் இருக்கும் ஹைட்ரஜன் அயனி உலோகத்திடமிருந்து எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு வாயுவாக வெளியேறுகிறது, எலக்ட்ரானைக் கொடுத்த உலோகம் கரைந்து உப்பாகிறது. துத்தநாகம் தாராளமாகக் கொடுக்கும். தாமிரம் ஹைட்ரஜன் அயனிக்குக் கொடுக்காது. இந்தத் தாராளத்தை வோல்ட் கணக்கில் சொல்வார்கள், எண் குறையக் குறையத் தாராளம் அதிகம்: துத்தநாகம் −0.76, இரும்பு −0.44, வெள்ளீயம் −0.14, காரீயம் −0.13, ஹைட்ரஜன் 0, தாமிரம் +0.34. ஹைட்ரஜனின் பூஜ்யத்தைவிட அதிக எண் கொண்ட, அதனால் பட்டியலில் அதற்குக் கீழே நிற்கிற தாமிரத்திடம் ஹைட்ரஜன் அயனியின் கை ஓங்காது. ஆகவே புத்தகம் பொய் சொல்லவில்லை. தாமிரம் நீர்த்த அமிலத்திலிருந்து ஹைட்ரஜனை வெளியேற்றாது.

ஆனால் "ஹைட்ரஜனை வெளியேற்றாது" என்பது வேறு, "வினைபுரியாது" என்பது வேறு. வகுப்பில் தாமிரத் துண்டைச் சோதனைக் குழாயில் போட்டு ஐந்து நிமிடம் பார்க்கிறோம். குமிழ் வரவில்லை. "வினை இல்லை" என்று எழுதிவிட்டு அடுத்த உலோகத்துக்குப் போகிறோம். உங்கள் மோர் அந்தச் சொம்பில் ஓர் இரவு முழுக்க இருந்தது.

இது எனக்குப் புரிந்தது கல்லூரியில் இரண்டாம் ஆண்டில். ஒரு வெள்ளிக்கிழமை மாலை, செம்புத் துருவல் கிடந்த நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைக் கொட்டாமல் திறந்த குவளையிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். திங்கட்கிழமை வந்து பார்த்தால் தண்ணீர் போலிருந்த அமிலம் பச்சையாகியிருந்தது. யாரோ வேறு எதையோ ஊற்றிவிட்டார்கள் என்று நினைத்தேன். ஆசிரியர் குவளையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "ஹைட்ரஜன் செய்யலை. வேற யாரு உள்ளே வந்தது?" என்று மட்டும் கேட்டார். குவளைக்கு மூடி இல்லை என்பதை நான் கவனிக்கவே இல்லை. உள்ளே வந்தது காற்று.

காற்றில் இருக்கும் ஆக்சிஜனின் பிடி ஹைட்ரஜன் அயனியுடையதைவிட மிக வலியது. அமிலக் கரைசலில் அதன் மதிப்பு +1.23 வோல்ட். தாமிரத்தின் 0.34 அதற்குப் பெரிய தடையே இல்லை. ஆக்சிஜன் தாமிரத்திடமிருந்து எலக்ட்ரானைப் பிடுங்குகிறது, அமிலம் கூடவே நின்று அந்தத் தாமிரத்தைக் கரைத்து உப்பாக்குகிறது. செம்பும் ஆக்சிஜனும் அமிலமும் சேர்ந்தால் செப்பு உப்பும் தண்ணீரும்தான் கிடைக்கும். வாயு எதுவும் வராது, குமிழும் வராது, சத்தமும் இராது. அதனால்தான் இது நம் கண்ணில் படாமல் நடந்துவிடுகிறது. மோருக்குள் கரைந்திருக்கும் ஆக்சிஜன் கொஞ்சம்தான், அது சீக்கிரம் தீர்ந்துவிடும். விளிம்பில் மட்டும் காற்று புதிது புதிதாக வந்துகொண்டே இருக்கும். பச்சைக் கோடு அங்கே விழுவதன் காரணம் இதுதான்.

சைவ சித்தாந்தத்தில் உயிரோடு ஆணவம் சேர்ந்திருப்பதற்கு நெல்லின் உமியையும் செம்பின் களிம்பையும் உவமை சொல்வார்கள். செம்போடு கூடவே பிறந்தது களிம்பு என்பது அதன் கருத்து. தேய்த்தாலும் மறுபடி மறுபடி வருவதைப் பார்த்தவர்களுக்கு அப்படித்தான் தோன்றியிருக்கும். எவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கிறார்கள் என்று ஒவ்வொரு முறையும் வியக்கிறேன். வேதியியலில் மட்டும் களிம்பு உள்ளேயிருந்து வருவதில்லை, வெளியே இருக்கும் காற்றும் ஈரமும் புளிப்பும் கொண்டுவருவது அது.

நீங்கள் புளி போட்டுத் தேய்த்தீர்களே, அதுவும் இதே கதையின் பாதிதான். கறுத்துப்போன பித்தளையின் மேலே இருப்பது ஏற்கெனவே ஆக்சிஜனோடு சேர்ந்துவிட்ட தாமிரம், அதாவது ஆக்சைடு. கடினமான வேலையை ஆக்சிஜன் முன்பே முடித்துவிட்டது. புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலம் வந்து அந்த ஆக்சைடைக் கரைத்து எடுத்துப்போவதுதான் பாக்கி. ஆகவே கறுப்பு நிமிடத்தில் போகிறது, அடியில் உள்ள பளபளப்பான உலோகம் அப்படியே நிற்கிறது. தேய்த்துவிட்டு உடனே கழுவித் துடைத்துவிட்டால் பாத்திரத்துக்கும் கெடுதல் இல்லை, நமக்கும் இல்லை. புளியைப் பூசிவிட்டு வேறு வேலையாகப் போய்விட்டால்தான் இரண்டாவது சுற்று தொடங்கும். உப்பு சேர்த்துத் தேய்த்தால் இன்னும் பளிச்சென்று வருவதைப் பார்த்திருப்பீர்கள். உப்பிலுள்ள குளோரைடு கரைந்த தாமிரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு மேலும் கரைய வழிவிடுகிறது. தேய்ப்பதற்கு அது நல்லது, சேமித்து வைப்பதற்கு அதைப்போல் கெடுதல் வேறில்லை. புளிப்பும் உப்பும் காற்றும் நாள் கணக்கில் கூடியிருக்கும் பண்டம் ஊறுகாய். அது பீங்கான் ஜாடியை விட்டு ஏன் நகரவில்லை என்று இப்போது தெரியும்.

பித்தளையில் துத்தநாகமும் உண்டு. வழக்கமான பித்தளையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இருக்கும். புளிப்பு நெடுநேரம் பட்டால் துத்தநாகம் முந்திக்கொண்டு வெளியேறி, அங்கங்கே இளஞ்சிவப்புத் திட்டு தெரியும். மஞ்சள் பாத்திரத்தில் அப்படி ரோஜா நிறத் திட்டு கண்டால் அந்த இடம் அரிக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். வார்ப்புப் பித்தளையில், கடைவதற்கு எளிதாக இருக்கட்டும் என்று சிறிது காரீயம் சேர்ப்பதும் உண்டு. பூச்சில்லாத பித்தளையில் புளிப்பு வேண்டாம் என்பதற்கு இது இன்னொரு காரணம்.

கரைந்த தாமிரம் என்ன செய்யும்? குமட்டல், வாந்தி, வயிற்றுவலி. குடிநீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் தாமிரம் இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. சுவரில் பச்சைக் கோடு விழுந்த சொம்பின் மோர் அந்த அளவைத் தாண்டியிருக்கும் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். ஆய்வகத்தில் வேலை பார்த்த காலத்தில் என்னிடம் பலர் கேட்டது, "பச்சையை மட்டும் துடைத்துவிட்டுக் குடித்தால் என்ன?" என்பது. கூடாது. சுவரில் ஒட்டியது மிச்சம்தான். கரைந்தது மோருக்குள் இருக்கிறது, நிறத்தால் அதைக் கண்டுபிடிக்கவும் முடியாது.

இனி மகளின் இரண்டாவது கேள்வி. நல்ல கேள்வி, அதை அலட்சியமாக ஒதுக்காதீர்கள். ஹைட்ரஜனுக்குக் கீழே இருக்கும் தாமிரத்தின் மேல், ஹைட்ரஜனுக்கு மேலே இருக்கும் ஈயத்தைப் பூசுவது எந்த வகையில் பாதுகாப்பு?

நம் பேச்சில் ஈயம் என்ற ஒரே சொல் இரண்டு உலோகங்களைக் குறிக்கிறது. பூசுவது வெள்ளீயம். நஞ்சு காரீயம். பட்டியலில் இரண்டும் அடுத்தடுத்து, −0.14, −0.13 என்று நூலிழை வித்தியாசத்தில் நிற்கின்றன. உடம்புக்குள் போனால் இரண்டும் வெவ்வேறு உலகம். வினைபடுதிறன் வரிசை நமக்குச் சொல்வது எந்த வினை நடக்க இடமுண்டு என்பதை மட்டுமே. எவ்வளவு வேகத்தில் நடக்கும், கரைந்தது உடம்பை என்ன செய்யும் என்பவற்றை அது சொல்வதில்லை. வெள்ளீயத்தின் மேல் ஹைட்ரஜன் குமிழ் உருவாவது மிகவும் சிரமம். புளி, தக்காளி போன்ற மென்மையான அமிலங்களில் அது நத்தை வேகத்தில்தான் கரைகிறது. கரைந்த வெள்ளீயத்தையும் நம் குடல் மிகக் குறைவாகவே உறிஞ்சுகிறது. டப்பாவில் அடைத்த திட உணவுகளில் கிலோவுக்கு 250 மில்லிகிராம் வரை வெள்ளீயத்தைச் சர்வதேச உணவுத் தரம் அனுமதிக்கிறது. காரீயத்துக்கு அப்படித் தீங்கற்றது என்று சொல்லத்தக்க அளவே கிடையாது, குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது சிறிய அளவிலேயே கெடுக்கும்.

டப்பா உணவைத் திறந்ததும் வேறு பாத்திரத்துக்கு மாற்றச் சொல்கிறார்களே, அங்கேயும் இதே ஆள்தான். மூடியிருக்கும்வரை உள்ளே ஆக்சிஜன் இல்லை, வெள்ளீயம் மெதுவாகவே கரைகிறது. திறந்ததும் காற்று புகுந்து வேகம் கூட்டிவிடுகிறது. எனவே ஈயம் பூசிய பாத்திரத்திலும் புளிக்குழம்பை வைத்து இறக்கலாம், மறுநாளைக்கு அதிலேயே விட்டுவைக்க வேண்டாம்.

மாமியார் சொன்னது சட்டத்திலும் இடம்பெற்றது. 2011-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிமுறைகளில், சரியாக ஈயம் பூசாத செம்பு, பித்தளைப் பாத்திரங்களில் தயாரித்த அல்லது வைத்த உணவு மனிதர் உண்ணத் தகாதது என்றே கருதப்படும் என்று எழுதியிருந்தது. படிக்காத எத்தனையோ வீடுகளில் எழுதாத சட்டமாக இது நடைமுறையில் இருந்தது என்பது எனக்குச் சாதாரண விஷயமாகப் படவில்லை.

ஆகவே தவலைக்கும் சொம்புகளுக்கும் ஈயம் பூசிக்கொள்ளுங்கள். கும்பகோணத்தில் இருந்துகொண்டு பாத்திர வேலைக்காரரைத் தேடி நீங்கள் அலைய வேண்டியிராது. முடிந்தால் மகளையும் கூட்டிக்கொண்டு போய்ப் பக்கத்தில் நின்று பார்க்கச் சொல்லுங்கள். பாத்திரத்தை நன்றாகச் சூடேற்றி நவச்சாரப் பொடியைத் தூவுவார், வெள்ளைப் புகை கிளம்பும். நவச்சாரம் சூட்டில் பிரிந்து அம்மோனியாவும் ஹைட்ரஜன் குளோரைடும் ஆகிறது. அந்த அமில வாயு உலோகத்தின் மேலிருக்கும் ஆக்சைடைத் தின்று, சுத்தமான உலோகத்தை வெளியே கொண்டுவருகிறது. அந்த நொடியில் வெள்ளீயத்தை வைத்துத் துணியால் இழுத்தால், 232 டிகிரியில் உருகும் அது கண்ணாடி போலப் படர்ந்துவிடும். நீங்கள் புளியால் செய்ததை அவர் புகையால் செய்கிறார். புகையை முகர வேண்டாம், காற்றோட்டமான பக்கமாக நிற்கட்டும்.

அவரிடம் ஒன்றை மட்டும் அழுத்திக் கேளுங்கள்: "சுத்த வெள்ளீயம்தானே? பற்றவைக்கிற ஈயம் கலக்கவில்லையே?" வெள்ளீயம் காரீயத்தைவிடப் பல மடங்கு விலை. கூலி மிகவும் மலிவாகச் சொன்னால் சந்தோஷப்படாதீர்கள். பூசிய பிறகு கம்பி நார் போடாதீர்கள், மரக் கரண்டி பயன்படுத்துங்கள், வெறும் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றாதீர்கள். உள்ளே மஞ்சளோ சிவப்போ தலைகாட்டியதும் மறுபடி பூச வேண்டியதுதான்.

ஈயச் சொம்புதான் எனக்குக் கவலை. சுத்த வெள்ளீயத்தில் செய்ததாக இருந்தால் ரசம் வைக்கலாம். ரசத்தை ஊற்றிய பிறகே அடுப்பில் வைக்க வேண்டும், நெருப்பு பக்கவாட்டில் ஏறக் கூடாது. காலியாக வைத்தால் உருகி ஒழுகிவிடும் என்பது உங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அது சுத்த வெள்ளீயம்தானா? காகிதத்தில் தேய்த்துக் கோடு விழுகிறதா என்று பார்ப்பார்கள். காரீயம் அதிகமாக இருந்தால் பென்சில் போலக் கோடு போடும், குறைவாக இருந்தால் காட்டிக்கொடுக்காது. எடைபோட்டு அடர்த்தி பார்ப்பது இன்னொரு வழி. சுத்த வெள்ளீயம் 7.3, காரீயம் 11.3. பத்தில் ஒரு பங்கு காரீயம் கலந்தாலும் கலவை 7.6-ஐத் தாண்டாது, சமையலறைத் தராசை வைத்து இந்த வித்தியாசத்தை நம்பிச் சொல்ல முடியாது. சொம்பை வெட்டாமல், சுரண்டாமல் எக்ஸ் கதிர் கொண்டு உலோக விகிதம் சொல்லும் கருவி உலோகப் பரிசோதனை ஆய்வகங்களில் இருக்கிறது. ஒருமுறை கொண்டுபோய்க் காட்டுங்கள். அந்த முடிவு கையில் வரும்வரை அதில் ரசம் வேண்டாம், அலமாரியில் அழகாக இருக்கட்டும். பழைய பாத்திரம் என்பதால் சுத்தமாகத்தான் இருக்கும் என்று நான் சொல்லிவிடலாம். பத்தாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு அப்படி ஊகத்தில் பதில் சொல்ல மனம் வரவில்லை.

செப்புக் குடத்துக்குப் பூச்சு தேவையில்லை. வெறும் தண்ணீர் வையுங்கள், நன்றாக இருக்கும். எலுமிச்சம்பழச் சாறு, மோர், பானகம் எதையும் அதில் ஊற்றாதீர்கள். செப்புப் பாட்டிலில் எலுமிச்சைத் தண்ணீர் கொண்டுபோவது இப்போது பரவியிருக்கிறது, தயவுசெய்து தெரிந்தவர்களிடம் வேண்டாமென்று சொல்லுங்கள். தாமிரம் உடம்பில் தேங்கும் வில்சன் நோய் உள்ளவர்களுக்குச் செப்புக் குடத்துத் தண்ணீரும் ஆகாது. வெண்கலப் பானையில் சோறும் பொங்கலும் வைக்கலாம், புளிப்பு வேண்டாம்.

எவர்சில்வர் வாங்கச் சொல்லும் கணவரும் தவறு சொல்லவில்லை. அதிலிருக்கும் குரோமியம் மெல்லிய ஆக்சைடு தோலாகப் படிந்து இரும்பைக் காக்கிறது. புளிக்குழம்பை மறுநாள்வரை வைக்க அதுவே சரியான பாத்திரம். இங்கே ஆக்சிஜன் காவல்காரனாக நிற்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். அலுமினியத்துக்கும் அப்படி ஒரு தோல் உண்டு, ஆனால் புளியும் உப்பும் சேர்ந்து கொதித்தால் அது கரையும். கறுத்த அலுமினியச் சட்டியில் புளித்தண்ணீர் கொதித்ததும் உள்பக்கம் வெளுத்து வருவது, ஒரு படலம் கரைந்து குழம்போடு போய்விட்டது என்பதற்கு அடையாளம். இரும்பு வாணலியில் புளிக்குழம்பு கறுக்கும், கரைவது இரும்பு என்பதால் பெரும்பாலோருக்குக் கெடுதல் இல்லை, ருசிதான் போகும்.

மகளுக்கு ஒன்று. தேர்வில் "தாமிரம் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலிருந்து ஹைட்ரஜனை வெளியேற்றாது" என்று எழுதட்டும். மதிப்பெண்ணும் கிடைக்கும், சொன்னது முழு உண்மையாகவும் இருக்கும். வீட்டில் இதைச் செய்து பார்க்கட்டும். இரண்டு சின்னக் கண்ணாடி பாட்டில், கடையில் விற்கும் வெள்ளை வினிகர், ஒரு சிட்டிகை உப்பு, பழைய மின்கம்பியின் உறையை உரித்தெடுத்த இரண்டு செம்புத் துண்டு. வினிகரில் உப்பைப் போட்டு நீங்களே ஒரு கொதி விட்டு, மூடி ஆறவையுங்கள். கொதித்தால் கரைந்திருந்த காற்று வெளியேறிவிடும். முதல் பாட்டிலில் கம்பியைப் போட்டு, விளிம்பு வழிய ஊற்றி, காற்றுக் குமிழ் இல்லாமல் இறுக மூடுங்கள். இரண்டாவதில் கால் பாகம் மட்டும் ஊற்றி, கம்பியின் பாதி வெளியே நிற்கும்படி வைத்து, மூடாமல் விடுங்கள். கழிவறை ஆசிட்டை எடுத்து இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது. தொட்டுச் சுவைக்கவும் கூடாது, முடிந்ததும் நிறையத் தண்ணீரோடு சாக்கடையில் ஊற்றிவிட்டுக் கை கழுவ வேண்டும். செடிக்கு ஊற்ற வேண்டாம்.

நான்காம் நாள் இரண்டு பாட்டிலிலும் என்ன நிறம் இருந்தது, கம்பி எந்த இடத்தில் அதிகம் அரித்திருந்தது என்று உங்கள் மகளையே எனக்கு எழுதச் சொல்லுங்கள்.